பேட்டரி மாற்றும் நேரம்

கல்யாணமாகிப் புதுவாயலுக்கு வந்த புதிதில், எங்கள் தெருப் பெண்களுக்கு என் வீட்டுக்காரர் ஒரு வேடிக்கை. நான் பேச ஆரம்பித்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும் அப்படித்தான், பக்கத்து வீட்டில் சண்டை என்று சொன்னாலும் அப்படித்தான். குழாயடியில் எதிர்வீட்டு அக்கா எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வாள்: “எங்கூட்டு ஆளு நான் செத்து உழுந்தாக்கூட பேப்பர்லேர்ந்து தலைய தூக்காது. உங்கூட்டுக்காரரு இன்னாடான்னா உன் மூஞ்சியவே பாத்துக்கினு கீறாரு. இன்னா மருந்து வெச்ச?” நான் வெட்கப்படுகிறவள்போல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். உள்ளுக்குள் பெருமை பிடிபடாது.

அதே மனிதர், நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். “ஏங்க” என்பேன். பதில் இருக்காது. “ஏங்க, உப்பு போதுமா பாருங்க” என்பேன். சுவரிடம் சொன்ன மாதிரி இருக்கும். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு அன்றைக்குக் கல்லூரியில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்வேன். ‘ம்’ என்று ஒரு சத்தம்கூட வராது. பகலெல்லாம் முகத்தைப் பார்த்து உருகுகிற ஆளுக்கு இருட்டில் மட்டும் நான் வேண்டாதவளாகிவிட்டேனா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. மறுநாள் காலை நாஷ்டாவைத் தட்டில் வைக்கிற சத்தத்திலேயே அதைக் காட்டிவிடுவேன். அவருக்கு அந்தச் சத்தமும் கேட்டிருக்காது என்று அப்போது தெரியாது.

அவர் வேலை பார்த்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில். உலையிலிருந்து பழுத்து வரும் இரும்பை உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டி நீட்டிக் கம்பியாக்குவார்கள். கம்பியை வெட்டும் இடத்தில் அவர் நின்றார், என்னைக் கட்டுவதற்கு முன்பே பல வருடங்களாக. காதில் வைக்கப் பஞ்சு கொடுப்பார்களாம். வியர்வையில் நனைந்து அது எங்கேயோ விழுந்துவிடுமாம். நான் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புதுவாயலில் ஏறி, பெரியபாளையத்தில் வண்டி மாறி, நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்புவேன். மேலே படித்தால்தான் வேலை நிலைக்கும் என்று கல்லூரியில் சொன்னதால், அங்கேயே பகுதி நேரமாக எம்.ஈ. சேர்ந்திருந்தேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கம் எல்லாருக்கும் வேலை இருந்தது, யாருக்கும் உட்கார நேரமில்லை.

கல்யாணமான முதல் வருடம் ஆயுத பூஜைக்கு ஆலைக்குக் குடும்பங்களை அழைத்திருந்தார்கள். இயந்திரங்களையெல்லாம் நிறுத்தி, கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நான் பார்த்தவரை அந்தக் கொட்டகை அமைதியாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான். அந்தக் கோடியில் நின்ற ஒருவர் இவரைப் பார்த்து வாயை அசைத்தார். சத்தமே வரவில்லை. இவர் சிரித்துவிட்டு, பதிலுக்குச் சத்தமில்லாமல் வாயை அசைத்தார். நடுவில் நின்ற இன்னொருவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் ஊமைகள்போல் வாயசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

“இன்னா சொல்றாரு அவரு?” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

“பொரியில வெல்லம் கம்மியாம்.”

“அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“வாயத் தொறந்துதானமே சொன்னான்” என்றார்.

இயந்திரம் ஓடும்போது கத்தினாலும் கேட்காது என்பதால் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் அவர்கள். இயந்திரம் நின்ற நாளிலும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, குழாயடியில் நடித்துக்காட்டிச் சிரிக்க வைத்தேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் புத்தி வேலை செய்திருந்தால் பின்னால் இவ்வளவு அலைந்திருக்க வேண்டாம்.

விஷயம் குக்கரில்தான் வெளியே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே தீய்ந்த வாடை. குக்கர் கத்திக்கொண்டிருந்தது. அவர் அதற்கு நாலடி தள்ளி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஆடிய ஆட்டத்தை இப்போது எழுத முடியாது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “விசில் எங்க வந்துச்சி?” என்றார். பொய்யில்லாத முகம்.

சென்னைக்குக் கூட்டிப்போய்க் காது சோதனை செய்தோம். சோதித்த பெண் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு இடது பக்கம் நேராகப் போய், பாதிக்கு மேல் கிணற்றுக்குள் படி இறங்குவதுபோல் இறங்கியிருந்தது. கனமான சத்தங்கள் இவருக்கு நன்றாகவே கேட்கின்றன, மெல்லிய கூர்மையான சத்தங்கள்தான் போய்விட்டன என்றார். பேச்சில் அ, ஆ, ஓ எல்லாம் வந்துவிடும், ச, ட, த, க போன்றவை நழுவிவிடும். பேசுவது தெரியும், என்ன பேசினார்கள் என்று தெரியாது. போனது திரும்ப வராது என்பதையும் அவர் மென்மையாகச் சொன்னார். என் குரலே கொஞ்சம் கீச்சென்று இருக்கும். கல்லூரிப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர்கூட அதை வைத்துத்தான். நான் பாதிக்கு மேல் அந்தக் கிணற்றுக்குள் இருக்கிறேன் என்று வரைபடத்தைப் பார்த்ததும் புரிந்தது.

டிஜிட்டல் கருவியின் விலை அப்போது எங்களுக்கு எட்டவில்லை, கடையில் கிடைத்த சாதாரணக் கருவி ஒன்றை வாங்கிப் போட்டோம். அதற்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். என் குரலையும் ஏற்றும், மின்விசிறியையும் ஏற்றும், நெடுஞ்சாலையில் போகிற லாரியையும் ஏற்றும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தார். “பேஜாரா கீதுமே. ஆலையே ஊட்டுக்குள்ள வந்து உக்காந்த மாரி கீது” என்றார். அது அலமாரியில் சீப்புகளோடு சேர்ந்துபோனது.

எம்.ஈ. கடைசி வருடத்தில் புராஜெக்ட் எடுக்க வேண்டியிருந்தது. என்னோடு படித்தவர்கள் செல்போன், கேமரா என்று எடுத்தார்கள். நான் காது கேட்கும் கருவிக்கு டிஜிட்டல் ஃபில்டர் என்று எழுதிக் கொடுத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டார். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வடிவமைப்பில் ஆர்வம் என்றேன். வீட்டில் ஒருவர் இருட்டில் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார், அதற்காகத்தான் என்று எப்படிச் சொல்வது?

செய்ய வேண்டியது கேட்பதற்குச் சுலபமானதுதான். காதுக்கு வரும் சத்தத்தைக் கனமானது, நடுவானது, கூர்மையானது என்று பல பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். வரைபடத்தில் எங்கே கோடு இறங்கியிருக்கிறதோ அந்தப் பட்டையை மட்டும் ஏற்றிவிட வேண்டும். பிரிப்பதுதான் ஃபில்டரின் வேலை. அதற்கு ஒவ்வொரு நொடியும் ஆயிரக்கணக்கான பெருக்கல்கள் போட வேண்டும். பெருக்குகிற சுற்று சிப்பில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மின்சாரத்தையும் குடிக்கும். காதுக்குப் பின்னால் வைக்கும் கருவிக்குள் இருப்பதோ மாத்திரை அளவு பேட்டரி. ஆகவே பெருக்காமலே பெருக்க வேண்டும். ஓர் எண்ணை ஏழால் பெருக்குவதற்குப் பதில், எட்டால் பெருக்கி ஒரு தடவை கழித்துக்கொள்ளலாம். நம் ஊரில் பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்கிற மாதிரி, சிப்புக்கு எட்டால் பெருக்குவது எண்ணை மூன்று இடம் தள்ளி வைப்பது மட்டும்தான். செலவே இல்லை. தள்ளுவது, கூட்டுவது, கழிப்பது, இவ்வளவிலேயே முழு ஃபில்டரையும் முடித்துவிடலாம். எண்களைக் கொஞ்சம் அப்படியிப்படி நகர்த்தித் தோதான எண்களாக்கிக்கொண்டால் கூட்டல்களும் குறையும். எங்கே எவ்வளவு வெட்டலாம் என்பதுதான் வித்தை.

சிப் செய்கிற வசதி எங்களுக்கு ஏது? கணினியில் எழுதிய சுற்றை அப்படியே தனக்குள் அமைத்துக்கொள்கிற ஒரு போர்டு எங்கள் லேபில் இருந்தது. பேராசிரியரிடம் சொல்லி அதை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி வாங்கினேன். ஒரு பக்கம் மைக், ஒரு பக்கம் ஹெட்போன். மின்வெட்டு எங்களை ஆட்டிவைத்த காலம் என்பதால் பழைய பைக் பேட்டரி ஒன்றிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்தேன். டிபன் கேரியர் அளவில் ஒரு மூட்டையாக, ஜன்னலோரத்து மேசையில் அது குடியேறியது. அதைக் கொண்டுவந்த அன்று அதிசயமாகப் பேருந்தில் இடம் கிடைத்து மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, குண்டு கிண்டு இருக்குமோ என்று பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு தாளில் வார்த்தைகள் எழுதிவைத்தேன். சட்டை, பச்சை, தக்காளி, கத்தரிக்கோல், சீப்பு, இப்படி நழுவுகிற எழுத்துகளாகப் பொறுக்கி எழுதினேன். வேலை முடிந்து அவர் வந்து குளித்ததும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காருவோம். அவர் காதில் ஹெட்போன், என் முன்னால் மைக். நான் ஒவ்வொன்றாகச் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார். முதல் நாளே கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

மறுவாரம் ஃபில்டரில் கொஞ்சம் வெட்டினேன். அதே மாதிரி சரியாகச் சொன்னார். இன்னும் வெட்டினேன். அப்போதும் சரி. எண்களையெல்லாம் மொண்ணையாக்கி, கூட்டல்களைப் பாதிக்குப் பாதி குறைத்தேன். அப்போதும் சரி. பேராசிரியர் என் கணக்கைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். “இவ்வளவு சின்ன சுற்றில் பேச்சு தெளிவாக இருக்கிறதா? நிச்சயமாகத் தெரியுமா?” என்றார். “நானே சோதித்தேன் சார்” என்றேன். துறை முழுக்க என் புராஜெக்டைப் பற்றிப் பேச்சு. நான் காற்றில் நடந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசி மாதம் என்று நினைக்கிறேன். வெளியே மழை விட்டிருந்தது, விளக்கு வைக்கிற நேரம். வழக்கம்போல உட்கார்ந்து பாதித் தாளைத் தாண்டியிருந்தோம். கரண்ட் போனது. தெருவே இருண்டது. போர்டு மட்டும் பைக் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, அதன் பச்சை விளக்கு தெரிந்தது. வார்த்தைகள்தான் எனக்கு மனப்பாடமாயிற்றே, நிறுத்துவானேன் என்று தொடர்ந்தேன்.

“தக்காளி” என்றேன். அவர் பேசவில்லை.

“கத்தரிக்கோல்.” அதற்கும் பேசவில்லை.

போர்டு நின்றுவிட்டதோ என்று அவர் காதிலிருந்து ஹெட்போனை எடுத்து என் காதில் வைத்துப் பார்த்தேன். என் மூச்சுக்கூட அதில் கேட்டது. திரும்ப அவர் தலையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். “ஏங்க, கேக்குதா?” என்றேன். பதில் இல்லை. அந்த நேரம் நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் ஒரு லாரி திரும்பியது. அதன் வெளிச்சம் ஜன்னல் வழியாக என் முகத்தில் விழுந்தது. “கேக்குதாங்க?” என்று மறுபடியும் கேட்டேன்.

“கேக்குது, சொல்லு” என்றார் சட்டென்று.

லாரி போனது, இருட்டு திரும்பியது. “பச்சை” என்றேன். ஒன்றுமில்லை. “சட்டை” என்றேன். ஒன்றுமில்லை. ஆயுத பூஜையன்று கொட்டகையின் இரண்டு கோடிகளில் நின்று வாயசைத்தவர்கள் என் கண்முன் வந்து நின்றார்கள். நான் எழுந்து, போர்டின் பச்சை வெளிச்சம் என் முகத்தில் படும்படி அவருக்கு மிக அருகில் குனிந்து, ஏன் பதில் சொல்லவில்லை என்று சத்தமாகக் கேட்டேன்.

“மூஞ்சி தெரிலியேமே. மூஞ்சி தெரியாம எப்டி கேக்கும்?” என்றார்.

குறை சொல்வதாகவோ சமாளிப்பதாகவோ அதைச் சொல்லவில்லை. எல்லா மனிதர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உதட்டைப் படிக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. நான் மாதக்கணக்கில் சோதித்தது என் ஃபில்டரை அல்ல, அவர் கண்ணை. எவ்வளவு வெட்டினாலும் அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு உட்கார வைத்திருந்தாலும் பாதியைச் சரியாகச் சொல்லியிருப்பார். அப்படியென்றால் இத்தனை வருடமாக விளக்கை அணைத்த பிறகு நான் சொன்ன கதைகளில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்த இருட்டில் நான் அழுவதும் அவருக்குக் கேட்கவில்லை. “கரண்ட் எப்ப வருமோ” என்று கொசுவை அடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். மதிப்பீட்டுக்கு நாள் நெருங்கியிருந்தது. “உங்கள் சுற்று, மின்சாரக் கணக்கு இரண்டும் சரியாகத்தானே இருக்கிறது. அதை மட்டும் காட்டினாலே போதும், யாரும் கேட்க மாட்டார்கள்” என்றார். நல்ல மனிதர்தான், என் நன்மைக்காகத்தான் சொன்னார். “கேட்க வேண்டியவருக்குக் கேட்கவில்லையே சார்” என்றேன். சொல்லும்போது என் குரல் இன்னும் கீச்சென்று போனது. அவர் அதற்குப் பிறகு தடுக்கவில்லை.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தேன். தினக்காலண்டருக்கு நேரே நாற்காலி, முதுகுக்குப் பின்னால் நான். “இன்னாமே இது, வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாரி திருப்பி ஒக்கார வெச்சிட்ட?” என்று சிரித்தார். முதல் நாள் முடிவு படுமோசம். நான் பேசுகிறேன் என்பது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. அவருக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. அடிக்கடி தலையைத் திருப்பப் பார்ப்பார். நான் கன்னத்தைப் பிடித்துக் காலண்டர் பக்கம் திருப்பிவிடுவேன். நாள் போகப்போகச் சிரிப்பு நின்று, தோளை இறுக்கிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். இரும்புக்கு நடுவே நிற்கிறவர் பயந்து நான் பார்த்ததில்லை. அந்த நாற்காலியில் அவர் பயந்தார்.

எண்களை மொண்ணையாக்கியதில் என் ஃபில்டரின் விளிம்புகள் ஒழுக ஆரம்பித்திருந்தன. கீழ்ப் பட்டையில் இருந்த இரைச்சல் மேல் பட்டைக்குள் கசிந்து, அங்கே அதுவும் சேர்ந்து ஏறி, நான் அவருக்குக் கொடுக்க நினைத்த எழுத்துகளை மூடிவிட்டது. கண்ணால் கேட்ட மனிதருக்கு அது பொருட்டாக இல்லை. வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்தால் சுற்று பெரிதாகும், பேட்டரி தாங்காது. ஒருநாள் பெரியபாளையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போதுதான் யோசனை வந்தது. அவருக்கு நன்றாகக் கேட்கும் கீழ்ப் பட்டைகளில் எதற்கு இவ்வளவு நுணுக்கம்? அங்கே இன்னும் முரட்டுத்தனமாக வெட்டலாம். மிச்சமாகும் கூட்டல்களையெல்லாம் அந்தக் கிணற்றுப் படி இறங்குகிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். எல்லாப் பட்டையையும் ஒன்றுபோல் நடத்தியது நான் செய்த முட்டாள்தனம். வந்த வண்டியை விட்டுவிட்டு அங்கேயே நின்று, பஸ் டிக்கெட்டின் பின்னால் கணக்குப் போட்டேன். புதிய சுற்று பழையதைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக வந்தது.

அதைப் போர்டில் ஏற்றிய அன்று அவரைக் காலண்டர் பக்கம் உட்கார வைத்து, மைக்கை அவர் பக்கத்தில் மேசையில் வைத்தேன். தாளை எடுக்கும்போது பால் பொங்குகிற வாடை வந்தது. அப்படியே போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். பாலை இறக்கினேன். பக்கத்து அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில், வருடக்கணக்காகச் சுவரிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

“ஏங்க, கொழம்பு காரமா இருக்கட்டுமா, கொறைக்கட்டுமா?”

“காரமாவே இருக்கட்டும். நேத்து சப்புன்னு இருந்திச்சி” என்றார் அவர் கூடத்திலிருந்து.

கரண்டியோடு வெளியே வந்து பார்த்தேன். காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. தான் பதில் சொன்னது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு, திரும்பாமலே, “இன்னொருவாட்டி எதுனா கேளு” என்றார். கொத்தமல்லி போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றார். பெருங்காயம் என்றேன். அதையும் போடு என்றார். அன்றைக்குக் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டோம்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அந்தப் போர்டு எங்கள் வீட்டில் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவரே எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். “நீ ராத்திரில பேசுவியே, அத பேசு” என்றார். நான் பேசுவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இருட்டில் என் வாய் பக்கம் ஏதோ முனகலாக அவருக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. என்னவென்று கேட்டால் நான் கோபித்துக்கொள்வேன் என்று தூங்குவதுபோல் கிடந்திருக்கிறார். பழைய கதைகளை எல்லாம் முதலிலிருந்து சொன்னேன். அவர் ‘ம்’ கொட்டினார். அந்த ‘ம்’முக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

மதிப்பீடு முடிந்ததும் போர்டு லேபுக்குத் திரும்பிவிட்டது. அடுத்து படிக்க வந்த பையன் என் சுற்றை அழித்துவிட்டு அவனுடையதை ஏற்றிக்கொண்டான். அதுதான் முறை. பேருந்தில் வெறும் மடியோடு திரும்பினேன்.

அடுத்த வருடம் பணம் சேர்த்து அவருக்கு நிஜமான டிஜிட்டல் கருவி வாங்கினோம். காதுக்குப் பின்னால் முந்திரிப் பருப்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதிய ஃபில்டர், என்னுடையதைவிட நல்லது. முதல் சில வாரம் காரணமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து, கொல்லையிலிருந்து, மாடியிலிருந்து. எங்கிருந்து கூப்பிட்டாலும் “இன்னா?” என்று பதில் வந்தது. நான் ஏங்கிய பதில்தான். திகட்டத் திகட்டக் கேட்டேன்.

மகள் பிறந்து பேச ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். அவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அப்பா அப்பா என்று எதையோ கேட்பாள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார். நான் பேசினால் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்வார். சரியான பதில்தான். எல்லா வீட்டிலும் எல்லா ஆண்களும் அப்படித்தானே பேசுகிறார்கள். குழாயடியில் எதிர்வீட்டு அக்கா என்னைக் கிண்டல் செய்வதை எப்போது விட்டாள் என்று நினைவில்லை. ஒருநாள் நான் சேலை மாற்றி, பொட்டு மாற்றி, வாசலில் நின்று போய்வருகிறேன் என்றேன். சரி என்றார், பேப்பருக்குள்ளிருந்து. கருவியைப் பிடுங்கித் தூர எறிய வேண்டும்போல் இருந்தது. இதற்காகவா படித்தேன், இதற்காகவா பெரியபாளையத்தில் நின்றேன் என்று வண்டி முழுக்க எனக்குள்ளேயே சண்டை. அவருக்குக் கேட்கிறது. அதைவிட எனக்கு என்ன வேண்டும்? வேண்டியிருக்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டேயிருந்த அந்தக் கண்கள் எனக்கு வேண்டியிருக்கின்றன.

ஒரே ஒரு நேரம் மட்டும் அவை திரும்பி வரும். கருவியின் பேட்டரி பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை தீரும். உள்ளே ஒரு சின்ன ஒலி கேட்டதும் கழற்றி என்னிடம் கொடுப்பார். சூடும் தழும்பும் ஏறித் தடித்த அவர் விரல்களுக்கு அந்தப் பொடிப் பேட்டரி சிக்காது, நான்தான் மாற்றுவேன். புது பேட்டரியின் மேலிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே போடக்கூடாது. கொஞ்ச நேரம் காற்றுப் பட வைத்துவிட்டுப் போட வேண்டும். அந்த நேரத்துக்கு அவர் காது மூடியிருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் பேசிக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூடத்து வேன், அரிசி, பக்கத்து வீட்டுக் கல்யாணம், எது வாயில் வந்தாலும். என் உதட்டை விட்டு அவர் பார்வை நகராது.

போன முறை கழற்றிக் கொடுக்கும்போது சொன்னார்: “புது மாடல் வந்துக்குதாம்மே. பேட்டரி மாசக்கணக்குல வருதாம். மாத்திக்கலாமா?”

பேட்டரி அதிக நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு புராஜெக்ட் செய்து பட்டம் வாங்கியவள் நான். ஸ்டிக்கரை உரித்துப் பேட்டரியை மேசைமேல் வைத்தேன்.

“இதுவே நல்லாத்தான் இருக்குது. எதுக்கு இப்ப அது?” என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைவிட அதிகமாக எதையோ படித்திருக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் சிரித்தார். காற்றுப் பட்டது போதும் என்று பேட்டரியை எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா போடுமே. இப்ப இன்னா அவசரம்?” என்றார்.